கட்டையும் சக்கரமும்

வீட்டில் உள்ள ஒரு கணினியைக் கொண்டே சங்கீதத்தைப் பதிவு செய்துகொள்ளலாம் என்னும் சௌகரியம் நம் சாமானியக் குடும்பங்களை எட்டி இன்னும் ஒரு தலைமுறைக் காலம்கூட முழுதாகக் கழியவில்லை. அதற்கு முன் ஒரு சிறு பாட்டைப் பதிவு செய்ய வேண்டுமென்றாலும், கோடம்பாக்கத்திலோ வடபழனியிலோ ஒரு ஸ்டூடியோவை மணிக்கணக்கில் வாடகை பேசி, வாத்தியக்காரர்களுக்குச் சொல்லியனுப்பி, பாடுகிறவரின் தொண்டை அன்றைக்கென்று பார்த்துக் கரகரக்காமல் இருக்க வேண்டுமே என்று குலதெய்வத்தை வேண்டிக்கொண்டு, சுவர்க் கடிகாரத்தின் மேல் ஒரு கண்ணும் சுருதியின் மேல் ஒரு காதுமாக நின்று, மனத்தில் நினைத்ததில் பாதியை மட்டும் நாடாவில் ஏற்றிக்கொண்டு திரும்ப வேண்டியிருந்தது. அந்த நிலைமையிலிருந்து எங்கள் குடும்பம் விடுபட்ட விதத்தையும், அதற்காக ஒரு கீபோர்டைத் தேர்ந்தெடுத்தபோது நான் அறிந்துகொண்டவற்றையும் எழுதி வைக்க வேண்டுமென்று வெகுநாளாக எனக்கு ஓர் ஆசை.

2005-ஆம் ஆண்டு வாக்கில் மாயூரத்தில் என் அக்கா சிறு பிள்ளைகளுக்கு நாட்டியம் கற்பித்து வந்தாள். பள்ளி ஆண்டு விழாக்களிலும் கோவில் உற்சவங்களிலும் அப்பிள்ளைகள் ஆடுவதற்குச் சின்னச் சின்னப் பாட்டுகள் வேண்டியிருந்தன. பாட்டை எழுதுவது அவள், மெட்டு அமைப்பது அப்பா, அதைப் பதிவு செய்து குறுந்தகடாக்கிக் கொண்டுவந்து கொடுப்பது சென்னையில் உத்தியோகம் பார்த்துக்கொண்டிருந்த நான் என்று எங்களுக்குள் ஓர் ஏற்பாடு இருந்தது. பிள்ளைகளிடம் அவள் வாங்கிய சொற்பச் சம்பளத்தில் பெரும்பகுதி ஸ்டூடியோ வாடகைக்கே கரைந்து போவதைக் கண்டு, மைக் ஒன்றும் கீபோர்டு ஒன்றும் வாங்கி என் வீட்டுக் கணினியிலேயே இந்த வேலையைச் செய்துவிடுவது என்று தீர்மானித்தேன். மைக் விஷயம் சுலபமாக முடிந்தது. கீபோர்டு விஷயந்தான் என் சிந்தனையை நெடுநாள் ஆட்கொண்டது. ஏனென்றால் அதை வாசிக்கப் போகிறவர் அப்பா.

அப்பா இளவயதில் நாடகக் கம்பெனிகளில் ஆர்மோனியம் வாசித்தவர். கம்பெனிகள் கலைந்த பிறகு ஊரோடு தங்கி, பிள்ளைகளுக்குப் பாட்டும் ஆர்மோனியமும் சொல்லிக் கொடுத்துக் குடும்பத்தைக் காப்பாற்றியவர். எழுபத்தைந்து வயதிலும் அவருடைய வலக்கை விரல்கள் கட்டைகளின் மேல் ஓடும்போது நகம் படும் ஓசைகூடக் கேட்காது. அப்பேர்ப்பட்ட விரல்களுக்கு ஏற்ற ஒரு கருவியைத் தேட வேண்டுமென்பதுதான் என் முன் இருந்த காரியம். கடைகளின் விலைப்பட்டியல்களில் அதற்கு விடை இருக்கவில்லை.

அக்காலத்துக் கடைகளில் இரு வகைக் கருவிகள் கிடைத்தன. தன் வயிற்றுக்குள்ளேயே நூற்றுக்கணக்கான வாத்தியங்களின் சப்தங்களையும், தாளக்கட்டுகளையும், இரு பக்கமும் ஸ்பீக்கர்களையும் வைத்துக்கொண்டு, மின்சாரம் கொடுத்தவுடன் பாடத் தொடங்கிவிடும் யமஹா, கேஸியோ போன்றவை ஒரு வகை. சொந்தமாக ஒரு சப்தமும் இல்லாமல், கணினியோடு ஒரு கம்பியால் இணைத்தால் மாத்திரமே பேசும் ‘கன்ட்ரோலர்’ என்னும் ஊமைக் கருவிகள் மற்றொரு வகை. முதல் வகையைப் பார்த்தவர்கள் இரண்டாவதைக் கையிலெடுக்கவே தயங்குவார்கள். ‘காசு கொடுத்து வாங்கி, வாசித்தால் சப்தம் வராத பெட்டி எதற்கு?’ என்று அப்பாவே கேட்டார். அந்தக் கேள்விக்கு விடை சொல்ல வேண்டுமானால் ‘மிடி’ என்னும் ஏற்பாட்டின் தத்துவத்தைச் சொல்லியாக வேண்டும்.

1983-ஆம் ஆண்டு ஜனவரி மாதம் கலிபோர்னியாவில் நடந்த வாத்தியக் கருவிக் கண்காட்சியில், அமெரிக்காவின் சீக்வென்ஷியல் சர்க்யூட்ஸ் கம்பெனி செய்த ப்ராஃபெட்-600 என்ற கருவியையும், ஜப்பானின் ரோலண்ட் கம்பெனி செய்த ஜூபிடர்-6 என்ற கருவியையும் ஒரு கம்பியால் இணைத்து, ஒன்றின் கட்டையை அழுத்த மற்றொன்று ஒலிப்பதைக் காட்டினார்கள். போட்டிக் கம்பெனிகள் இரண்டு ஒரே பாஷையில் பேச உடன்பட்டது வியாபார உலகத்தில் அபூர்வமான சம்பவம். அதற்கு முன்னின்று உழைத்த டேவ் ஸ்மித், இகுதாரோ காகேஹாஷி ஆகிய இருவருக்கும் முப்பது ஆண்டுகள் கழித்து, 2013-இல், தொழில்நுட்பத்துக்கான கிராமி விருது வழங்கப்பட்டது. அந்தக் கம்பிக்குள் சப்தம் போவதில்லை, செய்திதான் போகிறது. இன்ன கட்டை அழுத்தப்பட்டது, இவ்வளவு வேகத்தில் அழுத்தப்பட்டது, இந்த க்ஷணத்தில் விடப்பட்டது என்ற விவரங்கள் மாத்திரம், ஒரு செய்திக்கு ஏறக்குறைய ஒரு மில்லி விநாடி வீதம், ஒன்றன்பின் ஒன்றாகப் போய்ச் சேர்கின்றன. அழுத்தும் வேகத்துக்கு 1 முதல் 127 வரை எண்கள். ஒவ்வொரு கட்டைக்கும் ஓர் எண், மத்திய ‘ஸி’ கட்டைக்கு 60. இவ்வளவே அதன் சாரம்.

சப்தம் போகாமல் செய்தி போவதில் என்ன லாபம் என்பதை அப்பாவுக்குச் சொல்லிப் புரியவைப்பதைவிடச் செய்து காட்டுவதே உசிதமென்று தோன்றியது. நண்பர் ஒருவரிடம் இரவல் வாங்கி வந்த பழைய யமஹாவைக் கணினியோடு இணைத்து, அவரை ஒரு மெட்டு வாசிக்கச் சொன்னேன். அவர் ஆறு கட்டை சுருதியில் வாசித்தார். அக்காவின் சாரீரத்துக்கு ஐந்தரைக் கட்டைதான் சுகம். வாசித்ததை மறுபடி வாசிக்கச் சொல்லாமல், திரையிலேயே சுருதியை அரைக் கட்டை இறக்கி, காலப்பிரமாணம் ஓர் இழையும் பிசகாமல் அதே வாசிப்பை ஒலிக்கவிட்டேன். பிறகு புல்லாங்குழலின் ஒலியை மாற்றி சிதாரின் ஒலியில் கேட்கவைத்தேன். சரணத்தில் விரல் தவறிப்பட்ட ஒரு நிஷாதத்தை மாத்திரம் தனியே எடுத்து இடம் மாற்றி வைத்தேன். அப்பா வெகுநேரம் பேசவில்லை. பிறகு, “அப்படின்னா நான் வாசிச்சது எங்கேயும் போகல, என் கை அப்படியே உள்ள இருக்கு. சட்டைதான் மாத்திப் போடறே, இல்லையா?” என்றார். மிடியின் இலக்கணத்தை இதைவிடச் சுருக்கமாகவும் தெளிவாகவும் சொன்னவரை நான் பிற்காலத்திலும் சந்திக்கவில்லை.

அந்த இரவல் கருவி வேறொரு பாடத்தையும் கற்றுக் கொடுத்தது. கட்டையை அழுத்தினால் கருவி தன் சப்தத்தைத் தானும் எழுப்பும். கணினிக்குப் போன செய்தி சுற்றிக்கொண்டு திரும்பி வந்து அதே சப்தத்தை இன்னொரு முறையும் எழுப்பும். இரண்டும் ஒரு நூலிழை முன்பின்னாக ஒலித்து, ஸ்வரங்கள் குழாய்க்குள்ளிருந்து வருவதுபோல் கேட்கும். ‘லோகல் கன்ட்ரோல்’ என்ற ஓர் அமைப்பை நிறுத்தினால் கட்டைகளுக்கும் அந்தக் கருவியின் சொந்தக் குரலுக்கும் உள்ள தொடர்பு அறுந்து, குழப்பம் தீர்ந்துவிடும். அதை நிறுத்திய கணமே எனக்கு ஒன்று விளங்கிற்று. சப்தமெல்லாம் கணினியிலிருந்து வரப்போகிறது என்றால், கீபோர்டின் வயிற்றிலுள்ள அறுநூறு எழுநூறு சப்தங்களுக்காக நான் கொடுக்கும் பணம் வீண் செலவு. ஒரு கம்பெனி இந்த வருஷம் சேர்த்துவைத்த சப்தம் ஐந்து வருஷத்தில் பழசாகிவிடும்; கணினியில் அதைக் காட்டிலும் மேலானது வந்து சேரும். கட்டையின் ஸ்பரிசம் அப்படி நாளைக்கு மாற்றிக்கொள்ளக் கூடியதன்று.

அதிலும் அந்தக் காலத்துச் சப்தப் பட்டியல்கள் நம்மை மனத்தில் வைத்துச் செய்யப்பட்டவையல்ல. 1991-இல் வகுக்கப்பட்ட ‘ஜெனரல் மிடி’ என்னும் பொது ஒழுங்கில் 128 வாத்தியங்களுக்கு எண் கொடுத்தார்கள். அவற்றில் 105-ஆவது சிதார், 112-ஆவது ஷெனாய். வீணைக்கும் நாகஸ்வரத்துக்கும் அப்பட்டியலில் இடமில்லை. தாளக் கருவிகளுக்கென்று தனியாக ஒதுக்கிய வரிசையிலும் மிருதங்கம் கிடையாது. துப்பாக்கி வெடிக்கும் ஓசைக்கும் ஹெலிகாப்டர் ஓசைக்கும் எண் கொடுத்தவர்கள் நம் நாகஸ்வரத்தை அறியாமல் இருந்தது எனக்கு அன்றும் வருத்தம், இன்றும் வருத்தம்.

இவ்வளவு தூரம் யோசித்த பிறகு, பெரம்பூரில் இருந்த ஒரு கீபோர்டுக் கலைஞரைப் போய்ப் பார்த்தேன். ஞாயிற்றுக்கிழமைகளில் மாதா கோவிலில் ஆர்கன் வாசித்துவிட்டு, மற்ற நாட்களில் மெல்லிசைக் குழுக்களோடு ஊர் ஊராகப் போய்வந்தவர் அவர். 1986-இல் வெளிவந்த ‘புன்னகை மன்னன்’ படத்தில் இளையராஜா கணினியைக் கொண்டு செய்த இசையும், 1992-இல் ‘ரோஜா’ படத்தில் ஏ. ஆர். ரஹ்மான் கொண்டுவந்த ஒலியும் மெல்லிசை மேடைகளை எப்படிப் புரட்டிப் போட்டன என்பதையும், ‘இந்தச் சப்தம் உங்கள் பெட்டியில் வருமா?’ என்று கேட்டு மேடை ஏறிவந்த ரசிகர்களையும் அவர் நேரிலேயே கண்டவர். ஆகவே அவர் சப்தங்களைப் பற்றித்தான் பேசுவார் என்று எதிர்பார்த்துப் போனேன். அவரோ, “தம்பி, சத்தம் இன்னைக்கு வரும், நாளைக்குப் போகும். நீ கட்டையப் பாரு. அதுக்கு மொதல்ல கரண்ட நிறுத்து” என்றார்.

அவர் சொன்னதன் பொருள், மறுவாரம் அவரோடு அண்ணா சாலைக்குப் போன பிறகே புரிந்தது. அங்கே 1842-ஆம் ஆண்டு முதல் வாத்தியங்கள் விற்றுவரும் மியூஸி மியூஸிகல் கடையிலும், பக்கத்துத் தெருக்களில் இருந்த சிறு கடைகளிலும், அவர் ஒவ்வொரு கருவியையும் முதலில் மின்சாரம் இல்லாமலே வாசித்தார். கீழிருந்து மேலாக ஒவ்வொரு கட்டையையும் மெல்ல அழுத்தி, அடியில் போய்ப் படும்போது எழும் ‘டக்’ என்ற மர ஓசைக்குக் காது கொடுத்தார். ‘பாட்டுக்கு மைக் வைக்கிற அதே அறையில வாசிக்கப் போறீங்க. இந்த டக்குடக்கு எல்லாம் மைக்குல விழும்’ என்பது அவர் வாதம். பிறகு ஒரு கட்டையின் நுனியை இரு விரல்களால் பிடித்து இடவலமாக அசைத்துப் பார்த்தார். தளர்ந்து ஆடினால் அந்தக் கருவியை அதற்குமேல் தொடவில்லை. கறுப்புக் கட்டையை அதன் பின்கோடியில், விரல் அரிதாகவே எட்டும் இடத்தில், அழுத்திப் பார்த்தார். நுனியில் இலகுவாக இறங்கும் கட்டை அங்கே கல்லாக நின்றால், ராகம் வாசிக்கிற விரலுக்கு அது ஒத்துழைக்காதென்றார்.

கடையின் பின்புறத்தில் பழுது பார்க்கத் திறந்து கிடந்த ஒரு கருவியில், கட்டைகளுக்கடியில் இருப்பதையும் எனக்குக் காட்டினார். ஒவ்வொரு கட்டைக்கும் கீழே ரப்பரால் ஆன சிறு குமிழ் ஒன்று. அதனுள் கரி பூசிய இரண்டு பொட்டுகள், ஒன்று சற்றே உயரமாக, மற்றொன்று சற்றே தாழ்வாக. கட்டை இறங்கும்போது முதல் பொட்டு தகட்டில் படுகிறது. இரண்டாவது பிறகு படுகிறது. இவ்விரண்டுக்கும் இடையே கழியும் காலத்தை அளந்துதான் 127 படிகளில் இன்ன படி என்று கருவி நிர்ணயம் செய்கிறது. நாம் ‘அழுத்தம்’ என்று நினைத்துக்கொண்டிருப்பது உண்மையில் வேகம். ஆர்மோனியத்தில் கட்டையை வேகமாக அழுத்தினாலும் மெதுவாக அழுத்தினாலும் நாதம் ஒன்றுதான். அங்கே ஓங்குவதும் தாழ்வதும் துருத்தியின் காற்றினால். ஆதலால் ஆர்மோனியக்காரரின் வலக்கை விரல்களுக்கு இந்த வேகக் கணக்கு முற்றிலும் புதிது. அப்பாவின் மென்மையான விரல்கள் எந்தக் கருவியில் 127-இல் முப்பதையும் நாற்பதையும் தாண்டாமல் தேங்கி நிற்கும், எதில் பரவலாக விரியும் என்பது எனக்கு முக்கியமான கேள்வியாயிற்று. சென்னையின் கடற்காற்றிலும் தூசியிலும் அந்தக் கரிப் பொட்டுகள் மங்கிப்போய், சில கட்டைகள் ஊமையாவதும் சில கட்டைகள் திடீரென்று அலறுவதும் உண்டு. அதனால் கருவிக்கு ஒரு துணியுறை அவசியம் என்றும் அவர் சொல்லி வைத்தார்.

கட்டைகள் எத்தனை வேண்டும் என்பதில் எனக்கு அதிகச் சிரமம் நேரவில்லை. பியானோவுக்கு 88 கட்டைகள். மேல்நாட்டுப் பியானோ நூல்களை வாசிக்க விரும்புகிறவர்களுக்கு அவையெல்லாம் தேவை. அவர்களுக்குச் சுத்தியல் விசையுள்ள கனமான கட்டைகளே உகந்தவை. மேல்நாட்டுச் சங்கீதத்துக்கான டிரினிட்டி பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளைக்கு இலேசான கட்டையை வாங்கிக் கொடுத்தால் விரலின் பலம் வளராது. மூன்றரை ஸ்தாயி ஆர்மோனியத்தில் ஆயுள் முழுதும் வாசித்தவருக்கோ 49 கட்டைகளே விசாலமான மைதானம். 25 கட்டைப் பெட்டிகள் சாமான் பையில் அடங்குமென்று கடைக்காரர் சிபாரிசு செய்தார். ஆனால் மந்திர பஞ்சமத்தில் தொடங்கித் தார ஸ்தாயி வரை போகும் ஒரு விருத்தத்தை அதில் வாசிக்க இடமில்லை. இடையிடையே பொத்தானை அழுத்தி ஸ்தாயி மாற்றிக்கொண்டிருந்தால் பாவம் அறுந்துவிடும். குட்டிக் கட்டைகள் வேறு, பெரிய விரல்களுக்குப் பகை. கனமான கட்டைகளை அப்பா ஒரு முறை அழுத்திப் பார்த்துவிட்டு, “இது கைக்கு வைத்தியம் பண்ற மாதிரி இருக்கு” என்று எழுந்துவிட்டார். அதோடு அந்த விசாரம் தீர்ந்தது.

நான் சொல்ல வந்த விஷயத்தின் உயிர்நிலை இனிமேல்தான் இருக்கிறது. அகில இந்திய வானொலி 1940-ஆம் ஆண்டு ஆர்மோனியத்தைத் தன் நிலையங்களிலிருந்து விலக்கி வைத்தது. அந்த முழு விலக்கு 1971 வரை நீடித்தது. கட்டைகளுக்கு இடைப்பட்ட நாதம் ஆர்மோனியத்தில் பேசாது, ஸ்வரத்திலிருந்து ஸ்வரத்துக்கு வழுக்கிச் செல்ல அதற்கு வழியில்லை, ஆகவே கமகமே உயிராக உள்ள நம் சங்கீதத்துக்கு அது ஆகாது என்பது அந்தத் தீர்ப்பின் அடிப்படைக் காரணங்களுள் ஒன்று. ஆர்மோனியக்காரரின் பிள்ளையாகிய எனக்கு அந்த விலக்கில் உடன்பாடில்லை. ஒரு வாத்தியத்தின் குறையைச் சொல்லலாம், அதை நம்பி வயிறு வளர்த்தவர்களின் வாசலை அடைத்திருக்கக் கூடாது. ஆனாலும் சொல்லப்பட்ட குறை உண்மையான குறைதான். சங்கராபரண ராகத்தில் மேல்நாட்டு மெட்டாக அமைந்த நோட்டு ஸ்வரங்களைக் கட்டைகளில் அழகாக வாசித்துவிடலாம். தோடி ராகத்தைத் தொட்டால் கட்டை வாத்தியத்தின் வறுமை தெரிந்துவிடும்.

கீபோர்டின் இடது ஓரத்தில் இருக்கும் ஒரு சிறு சக்கரம் அந்த வறுமைக்கு மருந்து. ‘பிட்ச் பெண்ட்’ என்று அதற்குப் பெயர். முன்னே தள்ளினால் சுருதி ஏறும், பின்னே இழுத்தால் இறங்கும், விட்டுவிட்டால் உள்ளிருக்கும் சுருள்வில் அதை நடுவுக்குத் திரும்பக் கொண்டுவந்துவிடும். சாதாரணமாக அதன் வீச்சு மேலே இரண்டு அரைஸ்வரம், கீழே இரண்டு அரைஸ்வரம். தோடியின் காந்தாரம் சாதாரண காந்தாரம். அது தன் இடத்தில் நிலைத்து நிற்பதில்லை, சுத்த ரிஷபத்தையும் சுத்த மத்திமத்தையும் தொட்டுத் தொட்டு ஊசலாடுகிறது. கட்டைகளில் எண்ணிப் பார்த்தால் ரிஷபம் அங்கிருந்து இரண்டு அரைஸ்வரம் கீழே, மத்திமம் இரண்டு அரைஸ்வரம் மேலே. மேல்நாட்டு கிதார் வாசிப்பவர்களை நினைத்துச் செய்ததாகத் தோன்றும் அந்த வீச்சு, தோடியின் காந்தாரத்துக்கு அளவெடுத்தாற்போல் பொருந்துவதைக் கண்டுபிடித்த அன்று எனக்கு உண்டான ஆனந்தம் கொஞ்சமல்ல. கர்நாடக சங்கீதக் கச்சேரிகளைக் கீபோர்டில் செய்துவரும் கே. சத்யநாராயணன் போன்ற வித்வான்களின் வாசிப்பில், வலக்கை கட்டையைப் பிடித்துக்கொண்டிருக்க, இடக்கைதான் ராகத்தைப் பேசவைக்கிறது என்பதை நேரில் பார்த்தவர்கள் அறிவார்கள்.

ஆகவே கடை கடையாக நான் சோதித்தது அந்தச் சக்கரத்தைத்தான். ரோலண்ட் கருவிகளில் பெரும்பாலும் சக்கரம் இருக்காது. பக்கவாட்டில் அசையும் ஒரு நெம்புகோல் இருக்கும். மெல்லிசை மேடைகளில் அதற்குப் பழகிய கை வேறொன்றை விரும்பாது. ஆனால் நடுவுக்கு வந்து நிற்கும் இடத்தில் அது சட்டென்று ஒரு துள்ளல் துள்ளுவதாக என் விரலுக்குப் பட்டது. சில மலிவான சக்கரங்களில் நடுவில் ஒரு செத்த இடம் இருக்கும். விரல் நகர்ந்தும் சுருதி நகராது, பிறகு திடீரென்று குதிக்கும். மிடியின் இலக்கணப்படி இந்தச் சக்கரத்தின் இயக்கத்துக்கு 16,384 படிகள் உண்டு. ஆயினும் சில கருவிகள் அதை 128 படிகளாகவே அனுப்பிவிடுகின்றன. வீச்சை அதிகமாக்கிக்கொண்டு, ஜாரு என்னும் வழுக்கலை நீட்டி வாசித்தால், வழுக்கு மேடையாக இருக்க வேண்டியது மாடிப்படியாகக் காதில் விழுகிறது. எந்த விளம்பரத்திலும் இந்த விவரம் போடப்படுவதில்லை. கணினியோடு இணைத்து, வரும் எண்களைத் திரையில் பார்த்தால்தான் தெரியும். அப்படிப் பார்க்க அனுமதித்த கடைக்காரர்களுக்கு நான் கடமைப்பட்டவன்.

முடிவில் அப்பாவை மாயூரத்திலிருந்து வரவழைத்தேன். கடையில் நாற்காலியைத் தள்ளிவிட்டு, ஆர்மோனியத்துக்கு உட்காருவதுபோல் தரையில் உட்கார முயன்றவரைத் தடுத்து, ஸ்டூலில் உட்காரவைத்தோம். முதலில் தீக்ஷிதரின் ஒரு நோட்டு ஸ்வரத்தை வாசித்தார். அதில் ஒரு குறையும் சொல்லவில்லை. பிறகு பெரம்பூர்க்காரர் அவருடைய இடக்கையை எடுத்துச் சக்கரத்தின் மேல் வைத்து, “ஐயா, இப்போ காந்தாரத்த அழுத்திப் புடிச்சுக்கிட்டு, இத மெல்லமா முன்னும் பின்னும் ஆட்டுங்க” என்றார். ஆயுள் முழுதும் துருத்தியை இழுத்துப் பழகிய இடக்கை அது. காற்றைக் கொடுப்பதற்கென்றே இருந்த அந்தக் கை, முதல் தடவை சற்றே தடுமாறி, இரண்டாம் தடவை நிதானப்பட்டு, பிறகு காந்தாரத்தை அசைத்தபோது, கடையில் வேறு வேலையாக நின்றவர்களும் திரும்பிப் பார்த்தார்கள். “இவ்வளவு நாளா இது எங்கேடா இருந்தது?” என்று அப்பா கேட்டார். அவர் கையிலிருந்தது எம்-ஆடியோ கம்பெனியின் கீஸ்டேஷன் 49இ என்ற கருவி. 49 இலேசான கட்டைகள், பிட்ச் பெண்ட் உள்பட இரண்டு சக்கரங்கள், கணினியிலிருந்தே யு.எஸ்.பி. கம்பி வழியாக மின்சாரம், சொந்தக் குரல் இல்லை. அதையே வாங்கினோம்.

வீட்டுக்கு வந்த பிறகு ஒரு தடை எதிர்ப்பட்டது. கட்டையை அழுத்தினால் சப்தம் சற்றுத் தாமதித்தே வந்தது. கீபோர்டின் மேல் அதற்குப் பழியில்லை. செய்தியைச் சப்தமாக்கும் கணினி, விநாடிக்கு 44,100 துணுக்குகளாக ஒலியைச் சமைத்து, ஒரு தொகுதி நிறைந்த பிறகே வெளியே அனுப்புகிறது. தொகுதிக்கு 1,024 துணுக்கு என்று வைத்தால் அதற்கே 23 மில்லி விநாடி. 256 என்று வைத்தால் ஆறு மில்லி விநாடிக்கும் குறைவு. ஸ்டெயின்பெர்க் கம்பெனி 1997-இல் கொண்டுவந்த ‘ஆஸியோ’ முறைப்படி இயங்கும் டிரைவரை ரிச்சி தெருவில் வாங்கிய ஒரு நல்ல சவுண்ட் கார்டோடு சேர்த்துப் போட்டவுடன், தாமதம் காதுக்குத் தெரியாத அளவுக்குக் குறைந்தது. காற்றில் ஒரு மீட்டர் தூரத்தைக் கடக்க ஒலிக்கு ஏறத்தாழ மூன்று மில்லி விநாடி ஆகிறது. அந்தக் கணக்கில் பத்து மில்லி விநாடித் தாமதமென்பது, மிருதங்கக்காரர் மூன்றரை மீட்டர் தள்ளி உட்கார்ந்திருப்பதற்குச் சமானம். எந்தப் பாடகரும் அதற்காகக் கச்சேரியை நிறுத்துவதில்லை. கீபோர்டை மாற்றினால் இந்தத் தாமதம் தீருமென்று நினைத்துக் கடைக்கு ஓடுகிறவர்களுக்காகவே இதை இவ்வளவு விரித்துச் சொன்னேன்.

முதற்பாட்டை அப்பாவும் அக்காவும் சேர்ந்து பதிவு செய்த மழைநாள் இரவில், சக்கரத்தின் குணம் ஒன்றையும் மனத்தில் வைத்துக்கொண்டு வேலை செய்ய வேண்டியிருந்தது. மிடியில் பதினாறு தடங்கள் உண்டு. ஒரு தடத்தில் சக்கரத்தை அசைத்தால் அந்தத் தடத்தில் ஒலிக்கும் எல்லா ஸ்வரங்களும் சேர்ந்தே அசையும். தம்புராவின் சுருதியையும் ராகத்தையும் ஒரே தடத்தில் வைத்தால், காந்தாரம் ஆடும்போது ஸட்ஜமும் கூடவே ஆடி, சுருதியே நிலை குலைந்துவிடும். ஆதாரத்துக்கு ஒரு தடம், ராகத்துக்கு வேறொரு தடம் என்று பிரித்துவைத்தோம். அக்கா ஐந்தரைக் கட்டையில் பாட, அப்பா அவள் சங்கதிக்குப் பின்னாலேயே தன் சங்கதியைக் கொண்டுசென்றார். கட்டைகளின் ‘டக்’ ஓசை மைக்கில் விழவில்லை. ஸ்வரங்களைத் தனித்தனியே வளைக்க இடம் கொடுக்கும் ‘எம்.பி.இ.’ என்னும் புதிய ஒழுங்கு 2018-இல் வந்தது. அதை ஏற்ற கருவிகளில் இந்தத் தடப் பிரிவினையைக்கூட நாம் செய்ய வேண்டியதில்லை. விலை அதிகமானாலும், நம் சங்கீதத்துக்கு அவை மிகவும் அனுகூலமானவை என்பது என் திடமான அபிப்பிராயம்.

இப்போது கீபோர்டு வாங்கப் புறப்படும் இளைஞர்களுக்கு நான் கேட்டுக்கொள்வது இவ்வளவுதான். கருவிக்குள் எத்தனை சப்தங்கள், எத்தனை தாளக்கட்டுகள், எத்தனை விளக்குகள் என்று கடைக்காரர் சொல்வதை மரியாதையாகக் கேட்டுக்கொள்ளுங்கள். அவர் தம் தொழிலைச் செய்கிறார். பிறகு மின்சாரத்தை நிறுத்தச் சொல்லி, ஒவ்வொரு கட்டையையும் தொட்டுக் கேளுங்கள். அதன்பின் கணினியோடு இணைக்கச் சொல்லி, வலக்கையால் ஒரே ஒரு கட்டையைப் பிடித்துக்கொண்டு, இடக்கையால் உங்களுக்குப் பிடித்த ராகத்தின் ஜீவஸ்வரத்தை அசைத்துப் பாருங்கள். அது பேசினால் வாங்குங்கள். பேசாவிட்டால், எவ்வளவு தள்ளுபடி கொடுத்தாலும், அடுத்த கடைக்குப் போங்கள்.